அரைக் குதிரை போதும்

ஓரமாய் நிற்கும் எந்திரங்கள் – 17

கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளம்தான் ஞாபகத்துக்கு வரும். ஏ.சி.யும் மேக்கப் கண்ணாடியுமாக, ஹீரோ ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்குகிற வண்டி. பிரிட்டனில் கேரவன் வேறு ஜாதி. அதற்கு எஞ்சின் கிடையாது, டிரைவர் சீட் கிடையாது. பெரும்பாலும் ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள். மேலே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய சின்ன வீடு. சொந்தக் காரின் பின்னால் மாட்டி, கடற்கரைக்கோ மலைக்கோ இழுத்துப் போவார்கள். ஏழு மீட்டர் நீளம், இரண்டே கால் மீட்டர் அகலம், ஒன்றரை டன் எடை என்பது சாதாரணம்.

இழுத்துக்கொண்டு போவதில் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்ப வேண்டும், வேகத்தை அடக்க வேண்டும், அவ்வளவுதான். சோதனை ஆரம்பிப்பது வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவனின் பின்புறம் வலப்பக்கம் போகும். சரியென்று வலப்பக்கம் ஒடித்தால், சற்று நேரம் யோசித்துவிட்டு இடப்பக்கம் வரும். திருத்தம் ஒரு நொடி தாமதமானாலும் காருக்கும் கேரவனுக்கும் நடுவில் உள்ள கோணம் குறுகி, இரண்டும் கத்தரிக்கோல் போல நிற்கும். மறுபடி முன்னால் போய், நேராக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்றமான வாசல் என்றால், இந்தக் கூத்துக்குள் கிளட்ச் தீய்கிற வாடையும் வந்துவிடும். பின்னால் நின்றுகொண்டு மனைவி கை காட்டுவார். எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் அவர் தெரியமாட்டார். கேரவன் பூங்காக்களில் புதிதாக வந்தவர் ரிவர்ஸ் எடுப்பதை நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் உண்டு. காசில்லாத பொழுதுபோக்கு.

இதில் சட்டமும் ஒரு கை கொடுத்தது. பிரிட்டனில் 1997 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான டிரெய்லர் இழுக்கத் தனி ஓட்டுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. ரிவர்ஸ் எடுத்துக் காட்டுவது அதில் ஒரு பகுதி. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வே இல்லை; சாதாரண கார் லைசென்ஸோடு 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆக, ஒரு முறைகூட யார் முன்னாலும் டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் காட்டாதவர்கள் இன்று ஒன்றரை டன் வீட்டை இழுத்துக்கொண்டு வீதியில் போகிறார்கள். போவது வரை சரி.

இந்த இடத்தில் வருகிறது நம் எந்திரம். காரில்லாமலே கேரவனை நகர்த்தும் இதைப் பிரிட்டனில் ‘மூவர்’ (mover) என்கிறார்கள். ஜெர்மனியின் ட்ரூமா, அல்-கோ, ரைஷ், பிரிட்டனின் பவர்டச் எனப் பல கம்பெனிகள் செய்கின்றன. ட்ரூமா 1949இல் ம்யூனிக்கில் பிலிப் கிரைஸ் தொடங்கிய கம்பெனி. கேஸ் விளக்கில் ஆரம்பித்து, கேரவனுக்கு ஹீட்டர் செய்து பேர் வாங்கி, பிறகு இதற்கு வந்தது. அல்-கோவோ கேரவனின் அடிச்சட்டத்தையே செய்து தருவது.

கேரவனுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னாலோ பின்னாலோ ஒரு மோட்டார் பெட்டி தொங்கும். அதிலிருந்து வெளியே நீட்டியபடி அலுமினிய உருளை ஒன்று. மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், டயரைப் பிடிக்க. வண்டி சாலையில் ஓடும்போது உருளைக்கும் டயருக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி. பட்டனை அழுத்தினால் உருளை மெல்ல நகர்ந்து வந்து டயரின் மேல் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். அது சுழன்றால் டயர் சுழலும். மோட்டாருக்குச் சக்கரத்தோடு வேறு எந்தத் தொடர்பும் இல்லை. அச்சைப் பிரிக்க வேண்டாம், பிரேக்கைத் தொட வேண்டாம். அடிச்சட்டத்தில் துளைபோடக்கூட வேண்டாம், போடவும் கூடாது. மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சட்டம் அது. எல்லாம் கவ்விகள் போட்டு இறுக்குவதுதான்.

ரப்பரின் மேல் உலோகத்தை அழுத்தி உருட்டுவது பார்க்க அநாகரிகமான உபாயம். மழையில் வழுக்கும், டயரில் காற்றுக் குறைந்தால் பிடி போகும். ஆனாலும் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. விற்பனையாகிப் பத்து வருஷமான கேரவனின் அடியிலும் ஒரே நாளில் மாட்டிவிடலாம். இதைவிட நாகரிகமான வழி எதற்கும் அந்த வசதி கிடையாது.

இப்போது கொஞ்சம் கணக்கு. மூவரின் வேகம் நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். மணிக்கு அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தார் தரையில் 1,500 கிலோ கேரவனை உருட்ட 22 கிலோ எடையைத் தூக்குகிற அளவு தள்ளுவிசை போதும். அந்த வேகத்தில் அதற்கு ஆகும் திறன் வெறும் 33 வாட். ஏழடிக்கு ஓரடி ஏறுகிற சரிவில் விசை பத்து மடங்காகும். அப்போதும் சுமார் 350 வாட்தான். அரைக் குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. நம் சமையலறை மிக்ஸி 750 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பான். அதில் பாதித் திறனில் ஒரு வீடு மேடேறுகிறது.

மாயமில்லை. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகத்தை விட்டுக்கொடுத்தால் விசையை வேண்டிய மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். பல்சக்கரங்கள் அதைக் குறைத்துக் குறைத்து, உருளையில் நொடிக்கு ஒரு சுற்றுகூடத் தேறாமல் செய்துவிடும். கடைசிக் குறைப்பு உருளைக்கும் டயருக்கும் நடுவில். சின்ன வட்டம் பெரிய வட்டத்தை உருட்டும்போது இன்னொரு பத்து மடங்கு. காரின் நூற்றுச் சொச்சம் குதிரைகளில் இந்த வேலைக்கு உதவாதவை நூற்றுச் சொச்சம்.

குதிரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட கேரவன்களில் பெயர்பெற்ற முதல் வண்டி 1885இல் பிரிஸ்டல் வேகன் தொழிற்சாலையில் உருவானது. பெயர் ‘வாண்டரர்’. கட்டச் சொன்னவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதியவர். இரண்டு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள அந்த வண்டியை இரண்டு குதிரைகள் இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை இழுத்தன. குறுகிய பாதையில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க, வேலையாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவாராம். எதிரே வந்துவிட்டால் அந்தப் பாரத்தைப் பின்னால் தள்ளுவது லேசில்லை என்பது ஸ்டேபிள்ஸுக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

மூவரை ஓட்டுகிறவர் வண்டிக்குள் இல்லை. காரைக் கழற்றி ஓரமாக விட்டாயிற்று. கையில் ரிமோட். இடது சக்கரம் முன்னால், வலது சக்கரம் பின்னால் என்று சுழலவிட்டால், ஏழு மீட்டர் வீடு நின்ற இடத்திலேயே திரும்பும். முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் தானே வளைந்து இடம் கொடுக்கும். ஓட்டுகிறவர் சுற்றி நடக்கலாம், சுவருக்கு எத்தனை விரல் இடைவெளி என்று குனிந்து பார்க்கலாம், பூந்தொட்டியைத் தள்ளி வைக்கலாம். ரிவர்ஸ் எடுப்பதில் பாதிக் கஷ்டம் பார்க்க வேண்டிய இடத்தில் கண் இல்லாததுதான். மோட்டார் கேரவனை நகர்த்துகிறது. ரிமோட் ஓட்டுநரை நகர்த்துகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய உபகாரம். கைகாட்ட ஆளும் வேண்டாம், அதனால் வரும் சண்டையும் வேண்டாம். பட்டனை விட்டால் வண்டி நிற்கும். சிக்னல் அறுந்தாலும் நிற்கும்.

முறை ஒன்று உண்டு. முதலில் உருளையை டயரில் அழுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடு. முடிந்ததும் ஹேண்ட் பிரேக்கைப் போடு, பிறகு உருளையை விலக்கு. சமதரையில் மாற்றிச் செய்தால் ஒன்றும் ஆகாது, அதனால் மாற்றிச் செய்தே பழகிவிடுவார்கள். சரிவில் ஒரு நாள் அதையே செய்யும்போதுதான் விபரீதம்: நடுவில் ஓரிரு நொடி ஒன்றரை டன்னைப் பிடிக்க எதுவும் இருக்காது.

உருளையை விலக்க மறந்து காரில் மாட்டி ஓட்டினால் என்ன ஆகும்? மணிக்கு 10 கிலோமீட்டரில் டயரின் விளிம்பு நொடிக்கு 2.8 மீட்டர் நகரும். மூவருக்குப் பழக்கமான வேகத்தைப் போல 18 மடங்கு. இதுவரை வேகத்தைக் குறைத்து வந்த பல்சக்கரங்கள் இப்போது தலைகீழாக வேலை செய்து, மோட்டாரை அதன் வழக்கத்தைப் போல 18 மடங்கு சுழற்றப் பார்க்கும். தெரு முனை தாண்டுவதற்குள் கியர் நொறுங்கும். கிளம்புமுன் குனிந்து ஒரு பார்வை பார்ப்பது அதற்காகத்தான்.

இரண்டு அச்சுள்ள பெரிய கேரவன்களில் விஷயம் சிக்கலாகிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள், நாலும் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்து இழுபட்டாக வேண்டும். நின்ற இடத்தில் சுழற்றினால் டயர் அலறும், அச்சு முறுக்கும். ஆகவே மெதுவாக, அகலமாகத் திருப்பச் சொல்வார்கள். இல்லாவிட்டால் நாலு சக்கரத்துக்கும் நாலு மோட்டார். விலையும் எடையும் இரட்டிப்பு.

பலரும் ஏமாறுவது பிளாட்ஃபார விளிம்பில். இரண்டு சென்டிமீட்டர் உயரம் கண்ணுக்கு ஒன்றுமேயில்லை. 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் அதில் ஏறத் தொடங்கும் கணத்தில், கணக்குப்படி 35 சதவீதச் சரிவுக்குச் சமமான இழுவை வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் 50 சதவீதத்தைத் தாண்டும். டயர் நசுங்கிக் கொஞ்சம் உதவும் என்றாலும், மூவரின் எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். உருளை டயரில் வழுக்கி ரப்பரைச் சுரண்டும். விவரமானவர்கள் ஓர் ஆப்புக்கட்டையை விளிம்பில் வைத்து, உயரத்தை நீளமாக்கிவிடுவார்கள்.

மின்சாரம் கேரவனின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. சமதரையில் 20 முதல் 40 ஆம்பியர், ஏற்றத்தில் நூறைத் தாண்டும். கேரவனில் மற்ற விளக்கும் பம்பும் சேர்ந்து இழுப்பது இதன் அருகில்கூட வராது. விரல் தடிமனில் தனிக் கேபிள், தனி ஃபியூஸ், தனி ஸ்விட்ச் எல்லாம் அதனால்தான். வேடிக்கை என்னவென்றால் பேட்டரி தீர்ந்துபோவதில்லை. இருபது மீட்டர் நகர்த்த இரண்டேகால் நிமிஷம். 60 ஆம்பியர் இழுத்தாலும் செலவு இரண்டேகால் ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பொருட்டல்ல. கேள்வி, ஒரே மூச்சில் நூறு ஆம்பியர் கொடுக்குமா என்பது. குளிர்காலம் முழுக்கச் சார்ஜ் இல்லாமல் கிடந்த லெட்-ஆசிட் பேட்டரி வோல்ட் மீட்டரில் நன்றாகத்தான் காட்டும். மேட்டில் பாதி ஏறியதும் கையை விரிக்கும். லித்தியத்துக்கு மாறியவர்களுக்கு வேறு அனுபவம். அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மின்னோட்டம் தன் வரம்பைத் தாண்டியதும் பட்டென்று அறுத்துவிடும். பேட்டரி நிறைந்திருக்கும், மூவர் செத்திருக்கும். மூவருக்கு வேண்டிய உச்ச ஆம்பியரை விடாமல் தரும் பேட்டரியா என்று பார்த்து வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

எடையைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். மூவர் சுமார் 30 கிலோ, பேட்டரி 20 கிலோவுக்கு மேல். பல பிரிட்டிஷ் கேரவன்களில் நம் சாமான்களுக்கென்று சட்டப்படி மிஞ்சுவது 150 கிலோ சுமாருக்குத்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை, வருஷத்தில் சில நிமிஷங்கள் மட்டும் வேலை செய்யும் எந்திரத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். மீதி நேரமெல்லாம் அது மோட்டார்வேயில் சும்மா சவாரி செய்யும். நேரான, அகலமான வாசல் உள்ளவருக்கு இது வீண் சுமைதான். ஒடுங்கிய சந்தில் வீடும், முதுகு வலியும், அறுபதைத் தாண்டிய வயதும் உள்ளவருக்கு வேறு கணக்கு. அவர்களில் பலர் இதனால்தான் கேரவனை விற்காமல் வைத்திருக்கிறார்கள்.

சும்மா வருகிற மோட்டாரை ஏன் சாலையிலும் உழைக்க வைக்கக்கூடாது என்ற யோசனை சில வருஷங்களாக நடக்கிறது. 1931இல் ஜெர்மனியின் முதல் கேரவனைக் கட்டிய டெத்லெஃப்ஸ் கம்பெனி, அச்சிலேயே மோட்டாரும் அடியில் பெரிய பேட்டரியும் வைத்த சோதனை வண்டி ஒன்றைச் செய்தது. 2021இல் அதை ஓர் ஆடி மின்கார் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, ஜெர்மனியின் இஸ்னியிலிருந்து இத்தாலியின் கார்டா ஏரி வரை 386 கிலோமீட்டர் வழியில் சார்ஜ் போடாமல் இழுத்துப் போனது. டிரெய்லர் தன் பாரத்தில் ஒரு பங்கைத் தானே தள்ளிக்கொண்டதால் வந்த சாத்தியம். அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 2022இல் இதே போன்ற ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது. பெபிள் என்ற புதுக் கம்பெனி விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது, விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

இவையெல்லாம் மின்கார்களின் தூரப் பிரச்சினையைத் தீர்க்கப் பிறந்தவை. மலை ஏறுவது, பேட்டரியைக் காப்பாற்றுவது, இறக்கத்தில் பிரேக் போட்டுச் சார்ஜ் ஏற்றுவது என்று பெரிய பெரிய காரியங்கள். ஆனால் அமெரிக்க வண்டிகள் இரண்டுமே தம் பெருமைகளில் ஒன்றாகக் காட்டுவதைப் பாருங்கள்: ஒருவர் காரைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறார், கையில் போன், டிரெய்லர் தானாக ஊர்ந்து போய் இடத்தில் நிற்கிறது. லட்சம் டாலர் வண்டியும் மூவரின் வேலையைத்தான் செய்து காட்டுகிறது.