ஸ்பானிய மொழியில் சிரிப்பு

ஸ்பானிய மொழி பயில விழைவோர்க்குச் சிரிப்பைக் குறிக்கும் சில சொற்களை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். 'ரீஸா' என்றால் சிரிப்பு; 'கார்காஹாதா' என்றால் வெடிச்சிரிப்பு. புன்னகையோ 'சொன்ரீஸா'. அதன் முன்னொட்டு, 'கீழ்' எனப் பொருள்படும் 'சுப்' என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. ஆகவே அது ஒலி தாழ்ந்த சிரிப்பு. சிறுநகையையே நாமும் புன்னகை என்கிறோம் அல்லவா?

சிரித்தலைக் குறிக்கும் வினை 'ரெயீர்ஸே'. அதனோடு ஒருவர் பெயரைச் சேர்க்குங்கால் விழிப்பு வேண்டும். இடையில் 'கோன்' வந்தால் அவரோடு கூடிச் சிரிக்கிறோம். 'தே' வந்தால் அவரையே எள்ளி நகையாடுகிறோம். ஓரசைச் சொல் ஒன்று நண்பரைப் பகைவராக்கிவிடும். ஆதலின் வினையை மனனம் செய்வோர், அதனைத் தொடரும் இடைச்சொல்லையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பேன்.