டிரிகரை இலேசாக்கலாமா?

எலிப்பொறி வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரிந்திருக்கும். சுருள்வில்லை இறுக்கிக் கம்பியின் நுனியைக் கொக்கியில் ஆழமாக மாட்டிவிட்டால், எலி தேங்காய்ச் சில்லைத் தின்றுவிட்டுச் சாவகாசமாகப் போய்விடும், பொறி விழாது. பட்டும் படாமலும் மாட்டினாலோ எலி வருவதற்கு முன்பே, பொறியைத் தரையில் வைக்கும்போதே, அது நம் விரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிப்பதுதான் பொறி வைப்பவரின் கைத்திறன்.

வேட்டைத் துப்பாக்கியின் டிரிகரைச் சீராக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் அங்கே கை தவறினால் போவது விரல் நகம் அன்று.

தமிழில் டிரிகரை 'விசை' என்று சொல்வதுண்டு. இயற்பியலில் விசை என்பதற்கு வேறு பொருள் இருக்கிறது; அந்த விசையைப் பற்றியும் இக்கட்டுரையில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. குழப்பம் வேண்டாமென்று டிரிகர் என்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மான் வேட்டைக்குப் பெரிதும் பயன்படுவது போல்ட் ரைபிள். கதவுத் தாழ்ப்பாளைப் போலக் கைப்பிடி வைத்த எஃகு உருளை ஒன்று இதில் உண்டு. அதுவே போல்ட். அதை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்து, முன்னே தள்ளிக் கீழே மடக்கினால், தோட்டா குழலுக்குள் சென்று அமர்கிறது. அந்த அசைவிலேயே போல்ட்டுக்குள் இருக்கும் சுருள்வில்லும் இறுகிவிடுகிறது. அவ்வில் ஓர் ஊசியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளும் விசை ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமம். ஊசி பாய்ந்துவிடாமல் தடுத்து நிற்பது ஒரு கொண்டி. கொண்டி கீழே சரிந்துவிடாமல் தாங்கி நிற்பது டிரிகரின் மேல்முனையில் உள்ள சின்னஞ்சிறு படி. விரல் டிரிகரை இழுக்கும்போது இந்தப் படி கொண்டியின் அடியிலிருந்து விலகுகிறது, கொண்டி சரிகிறது, ஊசி பாய்ந்து தோட்டாவின் அடிப்பாகத்தைத் தாக்குகிறது. கொண்டி சரிந்ததிலிருந்து ஊசி தாக்கும் வரை ஆகும் காலம், ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு என்ற அளவிலேயே இருக்கும்.

கொண்டி படியின்மேல் அமர்ந்திருக்கும் அகலம் எவ்வளவு தெரியுமா? பல ரைபிள்களில் சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு அஞ்சலட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் வரும் கனம்! துப்பாக்கி வெடிப்பதும் வெடிக்காதிருப்பதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட விளிம்பில் ஏன் கை வைக்க வேண்டும்? குறி தவறாதிருப்பதற்காகத்தான். ரைபிளின் நீளம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். பின்கட்டை தோளில் ஊன்றியிருக்க, குழலின் முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தொலைவில் குண்டு 100 மில்லிமீட்டர் விலகிப்போகும். மானின் இதயத்துக்கு வைத்த குறி வயிற்றில் படும். அது உடனே விழாது, காயத்தோடு காட்டுக்குள் ஓடி வெகுநேரம் துடித்துச் சாகும். வேட்டைக்காரர் கையிலுள்ள ரைபிளின் எடை மூன்றரைக் கிலோ அளவு இருக்கும். டிரிகரை இழுக்கவும் அதே மூன்று கிலோ தேவைப்பட்டால், விரல் இழுக்கும்போது துப்பாக்கி முழுவதுமே அசையாமல் இருக்குமா? வேட்டைக்காரர் பலர் விரும்புவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று முன்பின்னான இழுப்பையே. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் சில காலம் மிகக் கடினமான டிரிகர்களையே வைத்து அனுப்பின. விபத்து நேர்ந்தால் வழக்கு வருமே என்ற அச்சம்! 'வழக்கறிஞர் டிரிகர்' என்று அவற்றுக்குக் கேலிப்பெயரும் ஏற்பட்டது.

இனி, இழுப்பின் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, படிக்கும் கொண்டிக்கும் இடையிலான உராய்வு. மற்றொன்று, டிரிகரை மீண்டும் தன் இடத்துக்குத் தள்ளும் ஒரு சிறு சுருள்வில்.

கொண்டி படியை 5 கிலோகிராம் எடையின் விசையுடன் அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். வழவழப்பாகத் தேய்த்து, மெல்ல எண்ணெயிட்ட எஃகுப் பரப்புகளுக்கு உராய்வுக் குணகம் 0.15 என்று கொண்டால், படியை நகர்த்த 0.75 கிலோ தேவை. டிரிகர் ஒரு நெம்புகோல். அது சுழலும் ஆணியிலிருந்து படி இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் விரல் இருந்தால், விரலுக்குத் தெரிவது 0.25 கிலோ மட்டுமே. அதே பரப்புகள் உலர்ந்தும் சொரசொரப்பாகவும் இருந்து குணகம் 0.6 ஆகிவிட்டால், விரல் ஒரு கிலோ இழுக்க வேண்டும். அதுவும் ஒரே சீராக இராது, விட்டு விட்டு நகரும். ஆகவே திறமையான துப்பாக்கிக் கம்மியர் முதலில் பார்ப்பது திருகுகளை அல்ல, பரப்புகளின் வழவழப்பை. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடினமூட்டப்பட்ட மேல்தோல் தேயும்படி அரம் போட்டுவிட்டால், உள்ளிருக்கும் மென்மையான எஃகு சில நூறு தடவைகளில் மழுங்கிவிடும்.

சீராக்கக்கூடிய டிரிகர்களில் மூன்று திருகுகள் இருப்பது வழக்கம். சிறு வில்லின் இறுக்கத்தை மாற்றுவது ஒன்று. படியில் கொண்டி அமரும் அகலத்தை மாற்றுவது இன்னொன்று. கொண்டி சரிந்தபின் டிரிகர் மேலும் எவ்வளவு பின்னால் போகலாம் என்பதை வரையறுப்பது மூன்றாவது. மூன்றாவதை அளவுக்கு மீறி முடுக்கினால் படி முழுவதும் விலகாது. துப்பாக்கி வெடிக்காமலே போகலாம், அல்லது கொண்டி படியின் ஓரத்தை உரசி மழுக்கலாம்.

முதல் இரண்டில்தான் ஆபத்து. வில்லைத் தளர்த்தினால் இழுப்பு இலேசாகிறது, உண்மை. ஆனால் போல்ட்டை மூடும்போது டிரிகரைக் கொண்டியின் அடியில் கொண்டுவந்து நிறுத்துவதும் அதே வில்தான். அது சோம்பேறியாகிவிட்டால், கொண்டி பாதிப் படியில் நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது. துப்பாக்கி கீழே விழுந்தாலும் அந்த வில்லே காவல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பின்கட்டை தரையில் மோதி, ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கணக்கிடுவோம். வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பைப்போல 100 மடங்காகிறது. அந்தக் கணத்தில் 10 கிராம் எடையுள்ள டிரிகர், ஒரு கிலோ எடையைப்போல நடந்துகொள்கிறது. எந்தப் பக்கமாக? துப்பாக்கி நின்றுவிட, டிரிகர் மட்டும் தரையை நோக்கித் தொடர்ந்து போக முயல்கிறது. அதாவது பின்கட்டைப் பக்கமாக. விரல் இழுக்கும் அதே திசையில்! அரைக் கிலோவுக்குத் தளர்த்திய டிரிகர் இந்த மோதலைத் தாங்குமா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பின்கட்டையில் ரப்பர் பட்டை இருந்து, நிற்கும் தூரம் இரண்டு சென்டிமீட்டரானால் விசை பாதியாகக் குறையும்.

இலேசும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்பதற்கு ஜெர்மானியர் பழைய வழியொன்று வைத்திருந்தார்கள். பால் மௌசர் வடிவமைத்த 1898ஆம் ஆண்டு ரைபிளில் டிரிகரை இரண்டு கட்டமாக இழுக்க வேண்டும். கொண்டி முதலில் நன்றாக ஆழமாக அமர்ந்திருக்கும். முதல் கட்ட இழுப்பு, நீளமானது, இலேசானது. அது கொண்டியை விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்தும். அங்கே விரலுக்கு ஒரு தடை தெரியும். அதன்பின் சிறிது அழுத்தினால் போதும். சுடுவதற்கு முந்திய சில விநாடிகளில் மட்டுமே துப்பாக்கி விளிம்பில் நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் ஆழமாகப் பூட்டிக்கிடக்கிறது. என் கருத்தில், இத்துறையில் தோன்றிய மிக அறிவார்ந்த ஏற்பாடு இதுவே. வேட்டைக்காரருக்கோ பொறுமை குறைவு. ஒரே இழுப்பில் கண்ணாடித் தண்டு முறிவதுபோல 'டக்'கென்று விடுபடுவதையே அவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள்.

அந்த விருப்பத்தை நிறைவேற்றிய டிரிகர்களில் பெயர்பெற்றது ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியியலாளர் மைக் வாக்கர் வடிவமைத்தது. 1948இல் வெளிவந்த 721, 722 ரைபிள்களிலும், 1962இல் வெளிவந்து புகழ்பெற்ற 700ஆம் மாதிரியிலும் அது இடம்பெற்றது. அதில் படி டிரிகரிலேயே வெட்டப்படவில்லை. டிரிகரின் முன்னால் தனியானதொரு சிறு எஃகுத் தகடு, எதனாலும் பிணைக்கப்படாமல், வில்லின் அழுத்தத்தால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும். கொண்டி அமர்வது அத்தகட்டின் விளிம்பில். இழுப்பு மிக நேர்த்தியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் தகடு டிரிகரிலிருந்து ஒரு கணம் விலகி மீளும். அந்த இடைவெளியில் தூசியோ, உறைந்த எண்ணெயோ, உலோகப் பிசிரோ புகுந்துகொண்டால் தகடு முழுவதும் பின்னே வராது; கொண்டிக்குப் போதிய ஆதாரம் இராது. பாதுகாப்புப் பூட்டைப் போட்டிருக்கும்போது கொண்டியைப் பூட்டே தாங்குவதால் எதுவும் தெரியாது. பூட்டை விடுவித்தவுடன், டிரிகரை யாரும் தொடாமலே வெடித்துவிடலாம். குறைகூறியோர் தந்த விளக்கம் இது. வாக்கரே 1940களில் ஒரு தடைக் கருவியைச் சேர்க்கலாமென்று யோசனை கூறினார் என்பதும், துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் அதிகச் செலவாகும் அந்த மாற்றம் ஏற்கப்படவில்லை என்பதும் பின்னாளில் வெளிவந்தன.

2000ஆம் ஆண்டு மான்டனா மாநிலத்தில், வேட்டை முடிந்து தோட்டாவை வெளியே எடுப்பதற்காக ஒரு தாய் பாதுகாப்புப் பூட்டை விடுவித்தார். அந்தப் பழைய அமைப்பில் பூட்டை விடுவிக்காமல் போல்ட்டைத் திறக்க முடியாது. ரைபிள் வெடித்தது. குண்டு அருகில் நின்ற, குதிரைகளை ஏற்றிச்செல்லும் வண்டியைத் துளைத்துச் சென்று, மறுபுறம் இருந்த அவருடைய ஒன்பது வயது மகனைக் கொன்றது.

பயன்படுத்துவோர் தாமாகத் திருகுகளை மாற்றுவதாலும், சுத்தம் செய்யாததாலும், கவனக்குறைவாகக் கையாள்வதாலுமே இத்தகைய விபத்துகள் நேர்கின்றன என்று நிறுவனம் வாதாடியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, ஏறத்தாழ 75 இலட்சம் துப்பாக்கிகளைத் தழுவிய ஓர் உடன்பாட்டுக்கு அது இணங்கியது; 2017இல் நீதிமன்றம் அதை ஏற்றது. இதற்கிடையே 2006இல் வந்த புதிய டிரிகரும் தப்பவில்லை. பொருத்தும்போது ஒட்டுப்பசை அதிகமாக இடப்பட்டதால், அவையும் 2014இல் திரும்பப் பெறப்பட்டன. அரை மில்லிமீட்டர் விளிம்புக்குப் பசையும் பகைதான்.

இதற்கு வேறொரு தீர்வை அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் 2002இல் கொண்டுவந்தது. டிரிகரின் நடுவே மெல்லிய அலகு ஒன்று முன்துருத்திக்கொண்டிருக்கும். விரல் முதலில் அலகை அழுத்தினாலொழியக் கொண்டி முழுவதும் சரியாது. அதிர்ச்சியால் படியிலிருந்து நழுவினாலும் அலகு அதைப் பாதிவழியில் பிடித்துவிடும். காவல் வேலையை அலகு ஏற்றுக்கொண்டதால், சொந்தக்காரர் இழுப்பைத் தாமே இலேசாக்கிக்கொள்ள இடம் கிடைத்தது.

அலகு இல்லாத துப்பாக்கிகளில் திருகைத் தொட்டவர் செய்யவேண்டிய சோதனைகள் இவை. தோட்டா ஏதும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டபின், போல்ட்டைப் பலமாக அறைந்து மூட வேண்டும். பத்துப் பதினைந்து தடவை. ஒரு முறைகூட ஊசி தானாக விழக்கூடாது. இறுகிய நிலையில் பின்கட்டையை ரப்பர் விரிப்பின்மேல் இடித்துப் பார்க்க வேண்டும். பிறகு பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, டிரிகரைப் பலமாக இழுத்துவிட்டு, விரலை எடுத்தபின் பூட்டை விடுவிக்க வேண்டும். அப்போது 'டக்' என்ற ஓசை கேட்டால் விளிம்பு போதவில்லை என்று பொருள். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். இழுப்பின் கனத்தை வில்தராசினால் அளக்கலாம், அல்லது குழலை மேல்நோக்கி நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். பனி பெய்யும் நாடுகளில் இன்னுமொரு சோதனை செய்கிறார்கள். அறையின் வெப்பத்தில் சரியாக இயங்கிய டிரிகர், வெளியே எண்ணெய் இறுகிய குளிரில் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க, துப்பாக்கியை ஓர் இரவு முழுவதும் வெளியிலேயே வைத்துவிட்டு, காலையில் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்கிறார்கள்.