வைத்தியர் அறையில் யாருக்கு என்ன உரிமை?

சென்ற இதழில் நீரிழிவு பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு எங்களுடன் தொடர்புகொண்டவர்கள் சீனியைப் பற்றிக் கேட்டதைவிட வேறு சில விடயங்களையே அதிகம் கேட்டார்கள். “நான் வைத்தியருக்குச் சொன்னது வேறை ஆருக்கும் போகுமா?” “மகளோடு தனியக் கதைக்கவேணும் எண்டு என்னை ஏன் வெளியிலை இருக்கச் சொன்னவை?” “அம்மாவுக்கு வருத்தத்தைச் சொல்லவேண்டாம் எண்டால் ஏன் கேக்கினமில்லை?”

இவை மருந்து பற்றிய கேள்விகள் அல்ல, சட்டம் பற்றிய கேள்விகள். ஆனாலும் இவற்றுக்கு விடை தெரியாத காரணத்தால் நோயை மறைத்து, காலம் கடந்து வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். எனவே இந்த முறை மருத்துவப் பகுதியில் சட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். இங்கே வரும் சம்பவங்கள் எந்த ஒருவருடையதும் அல்ல. பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து, ஆளை அடையாளம் காண முடியாதபடி எழுதியிருக்கிறோம். அப்படி எழுதவேண்டும் என்பதும் நாம் கீழே பார்க்கப்போகும் சட்டத்தின் கட்டளைதான்.

உரிமை நோயாளிக்கே

நோர்வேயின் நோயாளர் உரிமைச் சட்டமும் சுகாதாரப் பணியாளர் சட்டமும் 1999 யூலை 2 ஆம் திகதி நிறைவேற்றப்பட்டு, 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பின்னர் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை மாறவில்லை. தன் நோயைப் பற்றி அறியும் உரிமை, சிகிச்சைக்குச் சம்மதிக்கும் அல்லது மறுக்கும் உரிமை, சொன்னது இரகசியமாக இருக்கவேண்டும் என்ற உரிமை ஆகிய மூன்றும் நோயாளிக்கே உரியவை. கணவனுக்கோ, மூத்த மகனுக்கோ, பெற்றோருக்கோ உரியவை அல்ல.

இதுதான் எம்மவர்களுக்குப் புதிது. ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் குடும்பமே போகும். வைத்தியர் வீட்டுப் பெரியவரைப் பார்த்துத்தான் கதைப்பார். நோயாளி ஒரு பக்கத்தில் பேசாமல் இருப்பார். அதிலே அன்பு உண்டு, பாதுகாப்பும் உண்டு. ஆனால் நோயாளியின் குரல் அங்கே காணாமல் போவதும் உண்டு.

சொன்னது எங்கே போகும்?

தாயகத்தில் அரச அலுவலகத்திலோ சோதனைச் சாவடியிலோ சொன்ன ஒரு சொல் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத பயத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் விமானத்தில் எங்களோடு கூடவே வந்துவிட்டது. முதுகில் பழைய தழும்புகளோடு நித்திரை மாத்திரை மட்டும் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இருபது வருடமாக ஏன் நித்திரை இல்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. சொன்னால் பொலிசுக்கோ குடிவரவுத் திணைக்களத்துக்கோ போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

போகாது. “தௌஸ்ஹெட்ஸ்பிளிக்ட்” எனப்படும் இரகசியம் காக்கும் கடமை சுகாதாரப் பணியாளர் சட்டத்தின் 21 ஆவது பிரிவில் உள்ளது. வைத்தியர், தாதி, உளவியலாளர் என எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். வேலையை விட்ட பின்னரும், நோயாளி இறந்த பின்னரும் அது முடிவதில்லை. வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்பவருக்கும் சமையல் வேலை செய்பவருக்கும்கூட இந்தக் கடமை உண்டு. எம்மவர்கள் பலர் அங்கே வேலை செய்வதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வேலைக்குத் தேவையில்லாமல் ஒருவரின் நோய்ப் பதிவைத் திறந்து பார்ப்பதே சட்டப்படி குற்றம். அதை வெளியில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. உங்கள் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்பதைக் கேட்டு அறியும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மற்ற வைத்தியர்களுக்குத் தேவையான தகவல் போகும். அதை விரும்பாவிட்டால் மறுக்கலாம். நோய் விடுப்புப் பத்திரத்தில் உங்கள் முதலாளிக்குப் போகும் பிரதியில் நோயின் பெயர் இருக்காது. ஆனால் நீங்கள் நோய்க்காலப் பணம் கேட்கும்போது, அதைத் தீர்மானிக்கத் தேவையான தகவலை நாவ் அலுவலகம் கேட்டால் நாங்கள் கொடுக்கவேண்டும்.

விதிவிலக்குகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது அல்லது பாரதூரமாகக் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், பார்னவார்ன் எனப்படும் சிறுவர் நலப் பகுதிக்கு அறிவிப்பது எங்கள் கடமை. வாகனம் ஓட்டத் தகுதியில்லாத அளவுக்கு நீண்ட கால நோய் இருந்தால் அதையும் உரிய இடத்துக்கு அறிவிக்கவேண்டும். டாக்சி, பஸ் ஓட்டும் சகோதரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ பாரதூரமான ஆபத்து வரப்போகிறது என்றால் அதைத் தடுக்கவும் வாய் திறக்கவேண்டும். இவை எல்லாம் சட்டத்தில் எழுதப்பட்ட, எல்லை உள்ள விதிவிலக்குகள். வைத்தியரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல.

பிள்ளை மொழிபெயர்ப்பாளர் அல்ல

பதினொரு வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வருகிறார். “அம்மாவுக்கு வயித்துநோ” என்கிறான் மகன். நாங்கள் தமிழில் பேசத் தொடங்கி, மகனை வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் அந்தத் தாய் பல மாதங்களாக இரத்தப்போக்கு இருப்பதைச் சொல்கிறார். அதை மகனின் வாயால் எப்படிச் சொல்லுவிப்பார்? அதனால் முன்பு பார்த்த வைத்தியரிடம் வயிற்றுநோ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த வைத்தியரும் வயிற்றுநோவுக்கே மருந்து கொடுத்திருக்கிறார்.

எல்லோருக்கும் தமிழ் பேசும் வைத்தியர் கிடைக்கமாட்டார். அதற்குத்தான் “தொல்க்” எனப்படும் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, சரியான உதவி கிடைக்க மொழிபெயர்ப்பு தேவை என்றால் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவது பொதுச் சேவை நிறுவனங்களின் கடமை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை அதே சட்டம் தடைசெய்கிறது. உயிராபத்து போன்ற அவசர நேரங்கள்தான் முக்கியமான விதிவிலக்கு.

எனவே நேரம் எடுக்கும்போதே “யய் த்ரெங்கர் தொல்க், தமில்” என்று சொல்லுங்கள். எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அதன் பொருள். ஆளைத் தேடுவது உங்கள் வேலை அல்ல. கணவரோ மகளோ துணைக்கு வரலாம். ஆனால் அவர்கள் துணையாக இருக்கட்டும், மொழிபெயர்ப்பை அதற்கென்று படித்தவர் செய்யட்டும்.

“தொல்க்காய் வாறவர் எங்கடை ஆக்களுக்குத் தெரிஞ்சவர். நாளைக்குக் கோயிலிலை கதை வந்திடும்” என்ற பயம் எங்களுக்கு விளங்குகிறது. ஒஸ்லோவில் எமது சமூகம் சிறியது. மொழிபெயர்ப்பாளருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு. அப்படியிருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால் தொலைபேசி மூலம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வேறு நகரத்தில் இருப்பவராகவோ, பெண்ணாகவோ வேண்டும் என்றும் கேட்கலாம். எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பதில் தவறில்லை. உங்கள் பெயரைச் சொல்லாமலே உரையாடலை நடத்தும்படியும் வைத்தியரிடம் கேட்கலாம்.

பதினாறு வயது மகளும் பெற்றோரும்

நோர்வேயில் முழு வயது 18. ஆனால் மருத்துவ விடயங்களில் 16 வயதிலேயே ஒருவர் தானாகத் தீர்மானிக்கலாம். 16 வயதுக்குப் பிறகு மகளோ மகனோ எங்களிடம் சொன்னதைப் பெற்றோருக்குச் சொல்ல, பொதுவாக அவர்களுடைய சம்மதம் வேண்டும். 18 வயது வரை பெற்றோர் தம் பொறுப்பை நிறைவேற்ற அவசியமானதை மட்டும் சட்டம் விதிவிலக்காக வைத்திருக்கிறது. தற்கொலை ஆபத்து போன்ற பாரதூரமான நிலை அத்தகையது.

12 முதல் 16 வரை உள்ள பிள்ளைக்குப் பெற்றோரே சம்மதம் கொடுப்பார்கள். ஆனால் 12 வயதில் இருந்து பிள்ளையின் கருத்துக்குப் பெரும் மதிப்பு அளிக்கவேண்டும். மதிக்கத்தக்க காரணத்தோடு பிள்ளை கேட்டுக்கொண்டால் சிலவற்றைப் பெற்றோருக்குச் சொல்லாமல் விடவும் வேண்டும். ஹெல்செநோர்கே இணையத்தளத்தில் பிள்ளைக்கு 12 வயதானதும் உங்கள் பார்வை குறைவதும், 16 இல் முற்றாக மூடுவதும் இதனால்தான். அது கோளாறு அல்ல.

“எங்கடை பிள்ளையை எங்களிட்டை இருந்து பிரிக்கினம்” என்று சில பெற்றோர் கோபப்படுவது உண்டு. நாங்களும் பெற்றோர்தான். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளை, அறைக்கதவு மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வாய் திறக்கிறது. அப்படித் திறந்த பிள்ளைகளில் பலர், எங்களுடைய உதவியோடு பின்னர் தாய் தகப்பனிடமும் சொல்லியிருக்கிறார்கள். கதவு மூடாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது.

அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்

எண்பதுகளில் இளைஞர்களாக இங்கே வந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. அவர்களுடைய பெற்றோர் இன்னும் முதியவர்கள். புற்றுநோய், மறதி நோய் ஆகியவை எமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. “டொக்டர், அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. எங்களுக்குச் சொன்னால் காணும். கேட்டால் உடைஞ்சு போவா” என்று பிள்ளைகள் வாசலிலேயே கையைப் பிடிக்கிறார்கள்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. தகவல் அம்மாவுடையது. அம்மா சம்மதித்தால்தான் சாதாரணமாகப் பிள்ளைகளுக்கே சொல்லலாம். ஆனால் பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் அதே சட்டத்தில் இருக்கிறது. அறியாமல் இருக்கவும் அம்மாவுக்கு உரிமை உண்டு. “எனக்கு விபரம் வேண்டாம், மகனுக்குச் சொல்லுங்கோ” என்று அவரே சொன்னால் நாங்கள் அதை மதிக்கவேண்டும். தீங்கைத் தடுக்க அவர் தெரிந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் மட்டும் அது மாறும். ஆகவே அம்மாவுக்குச் சொல்வதா, விடுவதா என்று பிள்ளைகள் முடிவெடுக்க முடியாது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அம்மாவிடமே கேட்கவேண்டும்.

அப்படி ஒரு தாயிடம் கேட்டபோது கிடைத்த பதில் எங்கள் மனதில் நிற்கிறது. “எனக்குத் தெரியும் தம்பி. பிள்ளையள் பயப்பிடுங்கள் எண்டுதான் நான் கேக்கேல்லை.” ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் பொய்யாகச் சிரித்துக்கொண்டு மூன்று மாதம் கழிந்திருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லவும், ஊரில் இருக்கும் சகோதரியோடு கதைக்கவும், எங்கே இறக்க விரும்புகிறேன் என்று தீர்மானிக்கவும் தேவையான மூன்று மாதம் அது.

பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே இதைக் கேட்டு வையுங்கள். நெருங்கிய உறவினராக யாரைப் பதிவது என்பதையும் நோயாளியே தீர்மானிக்கலாம். அது மூத்த மகனாக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. மறதி நோய் முற்றிய பின் இவற்றைக் கேட்க முடியாது. அதற்கு முன்பே, “பிரம்திட்ஸ்புல்மக்ட்” எனப்படும் எதிர்கால அதிகாரப் பத்திரத்தை இரண்டு சாட்சிகள் முன் எழுதி வைக்கலாம். 2013 யூலை முதல் சட்டம் இதற்கு இடம் அளிக்கிறது.

உரிமை மறுக்கப்பட்டால்

முதலில் அந்த வைத்தியரிடமே அமைதியாகச் சொல்லுங்கள். பல தவறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் “பசியென்ட் ஓ ப்ரூக்கர் ஒம்பூட்” எனப்படும் நோயாளர் உரிமைக் காவலரிடம் போகலாம். அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. முறைப்பாடு எழுதவும் உதவுவார்கள். அவர்களுக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு. மேல் முறைப்பாட்டைத் தீர்மானிப்பது ஸ்தாட்ஸ்போர்வால்த்தரன் அலுவலகம். 2021 க்கு முன் அதற்கு பில்கெஸ்மன்னன் என்று பெயர். சிகிச்சைத் தவறால் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் நட்டஈடு கேட்பதற்கு என்.பே.ஏ என்ற தனி நிறுவனம் உண்டு. பாதிப்பைப் பற்றி அறிந்ததில் இருந்து மூன்று வருடத்துக்குள் கேட்கவேண்டும். குடும்ப வைத்தியரை ஒரு வருடத்தில் இரண்டு முறை வரை மாற்றவும் முடியும். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பாதிப்பு வருமோ, அடுத்த முறை பார்க்கமாட்டார்களோ என்று அஞ்சவேண்டாம். முறைப்பாடு செய்வதும் சட்டம் தந்த உரிமைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த இதழைப் படித்தவுடன் வீட்டில் உள்ள முதியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அடுத்த முறை டொக்டரிட்டைப் போகேக்கை நான் உள்ளுக்கு வரட்டோ, வெளியிலை இருக்கட்டோ?” அவர் என்ன விடை சொன்னாலும் அதன்படி செய்யுங்கள்.