உயர்நீதி மன்றக் கட்டடமும் அதன் மதிப்பீடும்

மயிலாப்பூரை அடுத்த கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தை அங்கத்தினர்களில் பலர் கண்டிருக்கலாம். அது வருவதற்கு முன், 1894 முதல் 1977 வரை, கப்பல்களுக்கு ஒளி காட்டியது சென்னை உயர்நீதி மன்றத்தின் கோபுர உச்சியேயாகும். அம்மன்றம் எழும்பிய கணக்கை இங்கு எடுத்துக் கொள்கிறோம். சங்கக் கிடங்கோ நெசவுக் கூடமோ கட்ட முனைவோர் அனைவருக்கும் நேரும் சங்கடம் அதில் உண்டு.

1862-ல் ஏற்பட்ட உயர்நீதி மன்றத்துக்கு உரிய கட்டட வேலை 1888 அக்டோபரில் தொடங்கிற்று. முதலில் வரைபடம் வகுத்தவர் பிராஸிங்டன். பின்னர் ஹென்றி இர்வின், ஸ்டீபன்ஸ் என்பாரின் துணையுடன் அதனை முடித்தார். கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் நம் நம்பெருமாள் செட்டியார். இரும்பு உத்திரங்களும் அலங்கார ஓடுகள் சிலவும் நீங்கலாக, ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் உள்ளூரிலேயே கிடைத்தன. உள்ளூர்க் கைவினைஞருக்கு இது நல்ல காலமாக இருந்திருக்கும். 1892 ஜூலை 12-ல் கட்டடம் திறக்கப்பெற்றது.

மதிப்பீடு ரூ. 9,45,000. செலவானதோ ரூ. 12,98,163. மிகை ரூ. 3,53,163, அதாவது 100-க்கு 37-க்கு மேல்! சர்க்கார் கஜானா இதைத் தாங்கிற்று. நமது சங்கம் ஒன்றின் பங்கு மூலதனம் இத்தகைய மிகையைத் தாங்குமா என்பதை நிர்வாகக் குழுவினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசாங்க வேலைகளில் இரண்டு அனுமதிகள் உண்டு. இன்ன கட்டடம் தேவை, இன்ன தொகை செலவிடலாம் என்பது நிர்வாக அனுமதி. வரைபடமும் விலை விகிதங்களும் சரியென்று பொறியாளர் ஒப்புவது தொழில்நுட்ப அனுமதி. அதன் பின்னரே டெண்டர். முடிந்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் தொகை வழங்கப்படும். செலவு அனுமதித்த அளவை மிகவும் விஞ்சுமாயின், திருத்திய மதிப்பீட்டுக்கு மீண்டும் அனுமதி பெற்றாக வேண்டும். இது வீண் தாமதம் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

இனி நிதி. கீழ்க் கோர்ட்டுகளின் கட்டடங்களுக்கு மாநில அரசே முதற் பொறுப்பாளி. 1993–94-ல் மத்திய அரசு இதற்கென ஓர் உதவித் திட்டம் வகுத்தது. 2015–16 முதல் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 100-க்கு 60 என்றும், மாநிலத்தின் பங்கு 40 என்றும் அமைந்தது. இத்தொகை ஒரே தடவையில் கைக்கு வருவதன்று. முன்பு பெற்ற பணம் உரிய வேலைக்கே செலவாயிற்று என்ற சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை கிடைக்கும். சங்கங்கள் கட்டட மானியம் பெறும்போது கேட்கப்படும் சான்றிதழும் இவ்வகையினதே. ஆதலின் ரசீதுகளை முதல் நாளிலிருந்தே வரிசையாகக் கோத்து வைப்பது செயலாளரின் வேலை.