கடனாளியிடம் எதைக் கேட்பது?

கடன் ஆலோசனை என்றதும் வட்டிக் கணக்கும் தவணை அட்டவணையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பணிஓய்வுக்குப் பின் ஓர் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராகப் பணியாற்றிவரும் எனக்கு, அட்டவணையைவிட ஆலோசகர் கேட்கும் முதல் கேள்வியே முக்கியமாகத் தோன்றுகிறது.

'உங்களுக்கு மொத்தம் எவ்வளவு கடன்?' என்று கேட்டால் வங்கிக் கடன் மட்டுமே பதிலாக வரும். அடகு வைத்த நகை, மகளிர் குழுத் தவணை, உறவினரிடம் வாங்கிய கைமாற்று, தண்டல் எதுவும் வெளிவராது. வசூலுக்கு வருபவரும் அதே கேள்வியைத்தானே கேட்கிறார்! ஆகவே நான், 'போன மாதம் கைக்கு வந்த பணம் எந்தெந்த நாளில் யாரிடம் போனது?' என்று கேட்கிறேன். வந்தவர் அதைத் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதுகிறார். நாள்களை நினைவுகூரும்போது, மறைக்க நினைத்த கடன்களும் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறிவிடுகின்றன.

இது வெறும் உத்தியன்று. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான நுண்கடனில், எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி. ஆனால், கந்துவட்டிக் கடன் எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டிலும் இல்லை. கடன்பட்டவர் வாய் திறந்தால் மட்டுமே அது கணக்குக்குள் வரும்.

'பத்து வட்டி' என்பது ஆண்டுக்கு 120 சதவீதம். பொருளாதாரம் கற்பித்தவனுக்கு அதை உடனே சொல்லிவிட நா துடிக்கும். முதல் சந்திப்பில் நான் சொல்வதில்லை. கூனிக் குறுகியவர் மறுவாரம் வரமாட்டார். புதிய கடனால் பழைய கடனை அடைக்கப் போய்விடுவார்.

இந்தப் பாணி எல்லோருக்கும் பொருந்துமா? 1965-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பயிற்சிப் படத்தில், ஒரே பெண்ணை கார்ல் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூன்று உளவியல் வல்லுநர்கள் தனித்தனியே சந்தித்து உரையாடினர். ரோஜர்ஸ் அவரது சொற்களைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தார்; பெர்ல்ஸ் அவரது உடல்மொழியைச் சுட்டிக்காட்டிச் சீண்டினார்; எல்லிஸ் அவரது நம்பிக்கைகளோடு வாதிட்டார். ஒருவர் மற்றவராக நடித்திருந்தால் அந்தப் பெண் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டிருப்பார். எங்கள் மையத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் வந்தவரைச் சிரிக்க வைத்தே உண்மையைப் பெற்றுவிடுகிறார். எனக்கு அது வராது. தாளும் பேனாவும்தான் என் இயல்புக்கு ஒத்தவை. ஆனால், இருவருமே கணவன் முன்னிலையில் மனைவியின் கடனைப் பற்றிக் கேட்பதில்லை, வந்தவருக்காக முடிவெடுப்பதுமில்லை. பாணியின் பெயரால் இவற்றைத் தளர்த்த இடமில்லை.

இரண்டாம் சந்திப்பில், எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற வரிசையை அதே தாளின் பின்புறம் எழுதச் சொல்கிறேன். வட்டி மிகுந்த தண்டல்தான் முதலில் வரவேண்டும். ஆனால் சிலர், தங்கையின் திருமணத்துக்காக வாங்கிய வட்டியில்லாக் கைமாற்றை முதலில் எழுதுகிறார்கள். நான் அந்த வரிசையைத் திருத்துவதில்லை. அதனால் மாதந்தோறும் எவ்வளவு வட்டி கூடுதலாகப் போகும் என்பதை மட்டும் பக்கத்தில் குறித்துக் கொடுக்கிறேன்.