காணாதவற்றையும் கணக்கிலெடுத்தல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரவு வேளையில் நின்று, நெடுந்தீவுப் பக்கமாகக் கடலை நோக்குவதாகக் கொள்வோம். அண்மையில் தொழில் செய்யும் வள்ளங்களின் விளக்குகளுள் மங்கியவையும் தெரியும், பிரகாசமானவையும் தெரியும். தொலைவிலோ பிரகாசமானவை மட்டுமே தெரியும். இதனை வைத்து, தூரக்கடலில் உள்ளோர் யாவரும் பெரிய விளக்கே வைத்திருக்கின்றனர் என்று ஒருவர் கணக்கெழுதினால் அது பிழையாகும். மங்கிய விளக்குகள் அங்கும் இருக்கலாம். அவை நம் கண்ணுக்கு எட்டவில்லை.

வானத்தை அளப்போர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சுவீடன் நாட்டு வானியலறிஞர் மால்ம்குவிஸ்ட் 1922ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து விளக்கினார். ஒளி மிக்க விண்மீன்கள் வெகுதொலைவிலிருந்தும் பட்டியலிற் புகுந்துவிடுகின்றன, மங்கியவை விடுபடுகின்றன. ஆகவே பட்டியலின் சராசரி ஒளி உண்மையிலும் மிகையாகிறது.

இதற்குப் பரிகாரம் யாது? இன்று கணனி நிரல்கள் துணைபுரிகின்றன. முதலில், இத்தனை பொருள்கள், இன்ன பருமன், இன்ன பாதை என்று ஒரு கற்பனை வானத்தை அமைக்கின்றனர். தொலைநோக்கி எந்த இரவில் எத்திசையை நோக்கிற்று, எவ்வளவு மங்கிய ஒளிவரை கண்டது என்பவற்றையும் நிரலுக்குக் கொடுக்கின்றனர். கற்பனைப் பொருள்களுள் எவை அகப்பட்டிருக்கும் என்பதை நிரல் கூறும். அவ்விடை உண்மையில் அகப்பட்டவற்றோடு முரண்படுமாயின், அமைத்த கருத்தைத் தள்ளவேண்டும்.

இது வெறும் விளையாட்டன்று. ஒரு கோளின் இருப்பே இதனால் வழக்காயிற்று. நெப்தியூனுக்கு அப்பாலுள்ள சில சிறுபொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டு கிடக்கின்றன. காணாத ஒன்பதாம் கோளே அதற்குக் காரணமாகலாம் என்று 2016இல் பற்றீகின், பிரவுண் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கூறினர். ஹவாய்த் தீவின் மௌனாகியா மலைத் தொலைநோக்கியால் 2013 முதல் 2017 வரை வேறொரு குழுவினர் நடத்திய அளவீட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட பொருள்கள் அகப்பட்டன. அவர்கள் தம் கண்டுபிடிப்புகளை இவ்வாறு சோதித்து, பாதைகள் எத்திசையிலும் சமமாகப் பரந்திருந்தாலும் தாம் கண்டவை இவ்வாறே தோன்றக்கூடும் என்று 2017இல் அறிவித்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை. சிலி நாட்டில் பத்தாண்டு அளவீட்டுக்கென அமைந்து, 2025 யூன் மாதத்தில் முதற் படங்களை வெளியிட்ட ரூபின் வானாய்வகம் இதில் மேலும் தெளிவு தரக்கூடும்.

தீவுப்பகுதியில் விண்மீன்களை எண்ண விரும்பும் மாணவர்க்கும் இம்முறை பயன்படும். எண்ணிக்கையை மட்டும் எழுதாது, எண்ணிய நேரம், நோக்கிய திசை, நிலவு, முகில் ஆகியவற்றையும் உடன் குறித்து வைத்தல் வேண்டும்.