கல்லூரி இடத்துக்கு முன்பணம்: கொடுக்குமுன் கணக்குப் பார்ப்போம்

பிளஸ் டூ முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு அதன் பிறகுதான் நடக்கிறது. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுகின்றன. "இப்போதே கட்டினால்தான் இடம் உறுதி" என்று சொல்லக் கேட்டு, கடை முதலிலிருந்தோ வட்டிக்கு வாங்கியோ பணம் கட்டுபவர்கள் நம்மிடையே உண்டு. சரக்கைப் பார்க்காமல் நாம் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. பிள்ளையின் படிப்பிலும் அதே நிதானம் வேண்டும்.

விண்ணப்பிப்பது வேறு, பணம் கட்டிச் சேர்வது வேறு. விண்ணப்பக் கட்டணம் சிறிய தொகை. பிடித்த இரண்டு, மூன்று இடங்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, அவர்கள் நடத்தும் நுழைவுத் தேர்வையும் எழுதி வைப்பது நல்லதே. ஆண்டுக் கட்டணம் கட்டும் முடிவை மட்டும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலாவது, கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடு. தமிழகத்தில் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்த மாணவருக்கு 92, 44, 45 சேர்ந்து 181. அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்களை வைத்து இதை முன்னரே போட்டுப் பார்க்கலாம். கடந்த ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்ற பட்டியலைக் கலந்தாய்வு இணையதளத்தில் காணலாம். அதோடு ஒப்பிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது, நான்கு ஆண்டுக்கான மொத்தச் செலவு. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கூட்ட வேண்டும். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், அரசு தரும் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்பவர்களுக்குத்தான் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடைக்காது. நம் வணிகக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஒன்றே கணக்கை மாற்றிவிடும்.

மூன்றாவது, விலகினால் பணம் திரும்புமா என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். அலுவல் செலவாக 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே பிடிக்கலாம். அதன் பின் கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, பிறகு ஒன்றுமில்லை. பின்வந்த ஆண்டுகளில் குழு தனியாகத் தேதிகள் அறிவித்ததும் உண்டு. எனவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கேட்டறிவது அவசியம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே 2018 அறிவிப்பு சொல்கிறது. சரிபார்த்ததும் அவற்றைக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.

ரசீது இல்லாத பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நன்கொடை என்ற பெயரில் கட்டாயமாக வாங்குவதைத் தடுக்கத் தமிழகத்தில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீதில்லாமல் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கடினம்.

இவற்றைப் பார்த்த பிறகு முடிவு எளிது. கலந்தாய்வில் வரக்கூடிய இடத்தைவிட இந்த இடம் உண்மையில் மேலானது, நான்கு ஆண்டுச் செலவும் கடையை அசைக்காது என்றால் முன்கூட்டியே கட்டலாம். வெறும் பயத்தால் கட்டுவதானால் பொறுத்திருப்பதே மேல். கலந்தாய்வில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். தரவரிசைப்படி நம் முறை வரும்போது, நாம் எழுதிய வரிசையில் காலியாக உள்ள முதல் இடமே ஒதுக்கப்படுகிறது. ஆகவே மிகவும் விரும்பும் கல்லூரியைத் தயங்காமல் முதலில் எழுதலாம். அது கிடைக்காவிட்டால் அடுத்தது பறிபோகும் என்ற அச்சம் வேண்டாம்.

பணம் கட்டுவது நாம் என்றாலும் படிக்கப் போவது பிள்ளை. கடையடைத்த பிறகு ஓர் இரவு அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.